ரைஸ்மில் சுவரில் திறந்த கண்

நம் பெயிண்டர்கள் குரூப்பில் இருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் சொல்லிக்கொள்கிறேன். சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, நான் இங்கே ஒரு வார்த்தை எழுதியதில்லை. யாராவது பழைய போர்டின் படம் போட்டால் பார்ப்பேன், ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. படிப்பும் அஞ்சாவதோடு சரி. ஊரில் இருக்கிறவர்கள் பேரையெல்லாம் எழுதியே பிழைத்தேன். என் சங்கதியை எழுத உட்காருவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் முழுக்க நீங்கள் பேசிக்கொண்டிருந்ததைப் படித்தேன். வஜ்ரம் காய்ச்சுகிற வாசனைக்கு ஈடு உண்டா என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருபது பேர் இதயம் போட்டிருந்தார்கள். வாசனையா அது? மாட்டுத் தோலும் எலும்பும் வெந்து கரைந்த பசை. தகர டப்பாவில் அது கொதிக்கும்போது எங்கள் வீட்டில் நாய்கூட நிற்காது. சாயப்பொடியை அதில் கலந்து சுவரில் எழுதிவிட்டு வந்தால் கையை எத்தனை தடவை தேய்த்தாலும் போகாது. சோற்றில் நாறும். தூங்கும்போது மூக்கில் நாறும். அணில் வால் முடியில் கட்டின பிரஷ் மாதிரி வராது என்று இன்னொருத்தர். அந்த அணிலை அடித்துக் கொண்டுவந்து வாலை அறுத்துக் கொடுத்தவன் நான். அது எப்படிக் கத்தும் என்று யாரும் எழுதவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். வயசானால் நாற்றம் மணக்கும் போலிருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை மாமா போட்ட வாய்ஸ் மெசேஜைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமா என்றால் நம் குரூப்பை ஆரம்பித்தவர்தான். என் அப்பாவோடு பதினெட்டு வருஷம் ஒன்றாகச் சாரம் ஏறியவர், எனக்கு மாமா முறை. அதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள்.

"டேய் பசங்களா, நாப்பது வருஷமா வயித்துக்குள்ள வச்சிருந்ததை இன்னைக்கிச் சொல்லிடுறேன். எங்க ஊரு ரைஸ்மில் சொவத்துல ஒரு அம்மன் படம் இருந்துச்சே, அதுக்குக் கண்ணு தெறந்தது மாப்ளையோட அப்பன் இல்ல. மாப்ளதான்! பத்து வயசு அப்ப. நான் பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டேன். கோடு வலப்பக்கத்துலேருந்து எழுந்திருக்கு. பீச்சாங்கைக்காரன் கோடு! கழுவுற கையால ஆத்தாளுக்குக் கண்ணு தெறந்த பய ஒலகத்துலயே இவன் ஒருத்தன்தான்டா!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அறுபது பேர் கை தட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் கூட்டத்தில் எனக்குச் சால்வை போடுவது, விழா மலரில் அந்தக் கதையை முதல் பக்கத்தில் போடுவது என்றெல்லாம் முடிவாகிவிட்டது.

மாமா சொன்னது பொய் இல்லை. கண் திறந்தது நான்தான். ஆனால் அந்தச் சுவரில் எதற்காக அம்மன் வந்தாள் என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

எங்கள் ஊர் பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளி. சின்ன வெங்காயமும் பருத்தியும் விளைகிற ஊர். எங்கள் தெருவில் யாருக்கும் காணி நிலம் கிடையாது, எல்லோரும் கூலிக்குப் போகிறவர்கள். அப்பா மட்டும் எப்படியோ பிரஷ் பிடித்துவிட்டார். தெருவை ஒட்டி ரைஸ்மில். மில்லின் பின்பக்கச் சுவர் நீளமாகப் போகும். சுவருக்கு எதிரே கருவேலம் புதர். நடுவில் ஒரு தடம். எங்கள் தெருப் பொம்பளைகள் விடியுமுன்னே ஒதுங்குவதற்கு இருந்த இடம் அது ஒன்றுதான். அப்பால் போனால் வெங்காயக் காடு, காட்டுக்காரர்கள் கல்லால் அடிப்பார்கள். ரோட்டுப் பக்கம் லாரி நிற்கும். ஏரிக்கரை ஆம்பளைகளுக்கு.

அந்த வருஷம் மில்காரர் பின்னால் இருந்த நிலத்தை வாங்கிப் புது வீட்டுக்குக் கடைக்கால் போட்டார். பொங்கல் கழித்து அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். அவர் கைத்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏப்பா பெயிண்டரு, இந்த நாத்தத்துல நான் எப்படிக் குடியேறுறது? இங்க அசுத்தம் பண்ணாதீர்னு எழுதிப் பாக்கலாமா?"

"எழுதலாங்க."

"எழுதி? உங்க தெருவுல எவ படிப்பா? ஒரு சாமிய எழுதிடு. நல்லா பெருசா, மொறைச்சுப் பாக்குற மாதிரி. உங்காளுவளுக்கு மத்தது எது சொன்னாலும் ஏறாது."

அப்பா தலையைச் சொரிந்தார். "சரிங்க" என்றார். முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஆனால் அவர் யோசித்த மாதிரிகூடத் தெரியவில்லை. ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு படம் எழுதக் கிடைத்தது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அதுவரைக்கும் அவர் டீக்கடைப் பலகையும் உரக்கடை வாசகமும்தான் எழுதியிருந்தார்.

சுவரைச் சுரண்டினோம். வருஷக்கணக்காக மூத்திரம் ஊறி, உப்புப் பூத்து, காரை பாளம் பாளமாக உரிந்து வந்தது. உரித்த இடத்திலிருந்து வந்த காரத்தில் கண்ணில் நீர் கட்டியது. சுவரோரம் கிடந்ததையெல்லாம் நான் தகரத்தால் வாரிப் புதரில் எறிந்தேன். மாமா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, "மாப்ள, இது உன் பெரியம்மா போட்டது, இது உன் அத்தை போட்டது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தோம். அதற்கு மேல் அப்பா கரியால் கோடு போட்டார்.

விஷயம் தெரிந்து வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, அங்க ஆத்தாளை எழுதிட்டா நாங்க எங்க போறது? வயசுப் பொண்ணு ஒண்ணு வூட்ல இருக்குல்ல?"

வயசுப் பொண்ணு என்பது என் அக்கா. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் பத்தாவது வரைக்கும் போன முதல் பெண். அவள் புத்தகத்தைப் படிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஃப்ளெக்ஸ் அடிக்கிற தம்பிகளுக்காகச் சொல்கிறேன், பழைய ஆட்களுக்குத் தெரிந்ததுதான். சாமி படத்தில் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவோம். நாள் பார்த்து, குளித்து, பல்லில் பச்சைத்தண்ணி படாமல் எழுதுவோம். அதுவரைக்கும் அது வெறும் சாயம். கண் எழுதியபிறகுதான் சாமி. எழுதிய கண்ணை அப்புறம் யாரும் அடைக்க மாட்டான், கை விளங்காது என்று பயம்.

"நான் படத்தைத்தான் போடுவேன். கண்ணு தெறக்க மாட்டேன்" என்றார் அப்பா. "கண்ணு தெறக்காதவரை அது சுண்ணாம்பும் சாயமும். நீங்க பாட்டுக்குப் போங்க. அவரு கேட்டா நாள் சரியில்லன்னு சொல்லிக்கிறேன்."

அம்மா சிரித்துவிட்டார். தெருவில் போய்ச் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

படம் தை கடைசியில் முடிந்தது. சிவப்புப் புடவை, கையில் சூலம், காலடியில் சிங்கம். முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் மட்டும். மில்காரர் வாரம் ஒருதரம் கேட்பார். அமாவாசை போகட்டுங்க என்பார் அப்பா. அப்புறம் அஷ்டமி. அப்புறம் கருப்பு மை திருச்சியிலிருந்து வரணும். மாசி முழுக்க இப்படி ஓட்டினார். பொம்பளைகள் எப்போதும்போலப் போய்வந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா சொம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "ஆத்தா, பாத்துடாத, நான் வரேன்" என்று சத்தமாகச் சொல்வார். எங்கள் தெருவே சிரிக்கும். அக்காகூடச் சிரிப்பாள்.

எனக்குத்தான் அது சிரிப்பாக இல்லை. மில்காரர் மகன் என் வகுப்பு. "ஒங்கப்பனுக்குக் கண்ணு எழுத வராதுடா, குருட்டுச் சாமி போட்டிருக்கான்" என்று ஒண்ணுக்கு விடும்போது சொன்னான். எல்லாப் பயல்களும் அதையே பாட்டாகப் பாட ஆரம்பித்தார்கள். நான் வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு கையைத் துழாவிக்கொண்டு நடப்பார்கள். எனக்குத் திருப்பிச் சொல்ல வாய் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. வீட்டில் ஸ்லேட்டு நிறையக் கண் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் கல்லங்குறிச்சித் திருவிழா. கடைக்காரர்களுக்குப் பேர்ப்பலகை எழுத அப்பாவும் மாமாவும் தினமும் காலையில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவார்கள். பஸ் மில் வாசலில்தான் நிற்கும். ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடத்தில் சோற்றுக்கு விட்ட நேரத்தில், அப்பாவின் கருப்பு டப்பாவையும் மெல்லிசு பிரஷையும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பின்னால் போனேன். தார் டிரம் ஒன்று கிடந்தது. உருட்டிக்கொண்டு போய் நிமிர்த்தி, மேலே ஏறினேன்.

பெண்கள் அங்கே ஒதுங்குவது எனக்குத் தெரியாது, சின்னப் பிள்ளை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியும். அப்பா அம்மாவிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கண் எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதினேன். அந்தப் பயல்களின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

முதலில் கீழ் இமை, அப்புறம் மேல் இமை, அப்புறம் கண்பாவை. இடது கைதான் எனக்குப் பழக்கம். சுவர் சூடாக இருந்தது. டிரம் ஆடியது. இரண்டாவது பாவையை வைத்துவிட்டு இறங்கிப் பின்னால் நகர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இடப்பக்கம் போனேன், பார்த்தாள். வலப்பக்கம் போனேன், பார்த்தாள். எனக்கு ஒரே குஷி. அதற்கப்புறம் எத்தனையோ படம் எழுதிவிட்டேன். அந்த மாதிரிக் கண் அமையவில்லை. அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

மறுநாள் விடியும்போது போனவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். அம்மா முழுச்சொம்பு தண்ணியோடு வந்தார். பெரியம்மா தெருவில் உட்கார்ந்து, "பாத்துட்டாளே, என்னைப் பாத்துட்டாளே" என்று மார்பில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அம்மா அப்பாவை எழுப்பினார். "நேத்து பஸ்ஸ விட்டு எறங்கி நேரா அங்கதான போன? ஆசை அடங்கலையாய்யா ஒனக்கு?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நான் பின்னாலேயே போனேன். சுவருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். மில்காரர் அதற்குள் சூடம் கொளுத்தி மாலை போட்டுவிட்டிருந்தார். அப்பா கிட்டே போய் இமைக் கோட்டைப் பார்த்தார். திரும்பி என் இடது கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கருப்பு இருந்தது.

வீட்டுக்கு வந்து, "ஆமா. நான்தான் தெறந்தேன்" என்றார்.

"அழிச்சிட்டு வா."

"தெறந்த கண்ணை எவன்டி அடைப்பான்?"

என்னைக் காப்பாற்றத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்க எனக்கும் வசதியாக இருந்தது. ஆனால் அடுத்த மாசமே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாளே மெல்லிசு பிரஷை என்னிடம் கொடுத்து, "இனிமே கண்ணெல்லாம் நீ எழுது" என்றார். அப்போது அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லை. பெருமை இருந்தது. அவருக்குப் பிள்ளையைவிடப் பிள்ளையின் கைதான் பெரிசாகப் பட்டிருக்கிறது. அந்தக் கையை யாரும் உடைத்துவிடக் கூடாது என்றுதான் மறைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. மாமாவும் வாயை மூடிக்கொண்டது அதற்காகத்தான். நல்ல கை கிடைத்தது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

கண் எழுதின அந்த வாரம்தான் அக்காவுக்குப் பரீட்சை ஆரம்பம். எங்கள் தெருப் பொம்பளைகள் அப்புறம் ரோட்டுப் பக்கம் போக ஆரம்பித்தார்கள், கூட்டமாக, லாரி வெளிச்சம் விழும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றுகொண்டு. ஒரு லாரிக்காரன் வேண்டுமென்றே விளக்கைப் போட்டு நிறுத்திச் சிரித்தான். அதற்கப்புறம் அக்கா போகவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். சோற்றையும் பாதியாக்கினாள். வெயில் கொளுத்துகிற பங்குனியில் ஒரு டம்ளர் தண்ணியோடு ஒரு பகலை ஓட்டினாள். அடக்கி அடக்கி அடிவயிறு கல்லாகிவிட்டது. மூன்றாவது பரீட்சையில் நடுங்கி விழுந்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். ஒரு மாசம் படுக்கை. ஒரு கிட்னி சுருங்கிப்போனது என்றார்கள்.

"தண்ணி ஏம்மா குடிக்கல?" என்று டாக்டர் கேட்டார். அக்கா அப்பாவைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அவரை அப்பா என்று கூப்பிடவும் இல்லை. 'அந்த ஆளு'தான். அந்த ஆளுக்குச் சோறு வச்சியா, அந்த ஆளு வந்துடுச்சா. அரும்பாவூரில் கட்டிக்கொடுத்த பிறகும் அப்படித்தான். அப்பா செத்தபோது வந்தாள். அழவில்லை. தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அம்மாவும் அதே கோபத்தோடுதான் போய்ச்சேர்ந்தார். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அக்கா மகன் அரும்பாவூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான், நம் குரூப்பிலும் இருக்கிறான். மாமாவின் மெசேஜை அவன் பெருமையாகத் தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். புதன்கிழமை காலையில் அக்கா போன் பண்ணினாள்.

"அது நீயாடா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"ஊமையாட்டம் இருக்காத. பீச்சாங்கைன்னு அவரு சொல்றாரு. நீதானா?"

"ஆமாக்கா."

வைத்துவிட்டாளா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அந்த ஆளு அந்த ஆளுன்னு சொல்லிச் சொல்லியே அந்த மனுசனைப் பாடையில ஏத்துனேன். நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டே கேட்டுட்டுதான இருந்த?"

"ஆமா."

"சீ."

அந்த ஒரு சொல்தான். எத்தனையோ வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட சொல்தான். அவள் வாயிலிருந்து வந்தபோது உடம்பு கூசிப்போனது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அதெல்லாம் வேணாம். சால்வை போடுறாங்களாமே, என்னைக்கிடா?"

"ஞாயித்துக்கெழமை. நான் போகலக்கா."

"ஏன் போகாம? போவ. நானும் வரேன். முன்னாடி சேர்ல உக்காந்துக்குறேன். எதுக்கு அந்தப் படம், யாரு போற எடம், அப்பறம் எனக்கு என்ன ஆச்சு, எல்லாத்தையும் அத்தனை பேரு முன்னாடியும் உன் வாயால சொல்லு. அப்பா தெறக்கலன்னு சொல்லு."

அந்தப் பங்குனிக்கு அப்புறம் அப்பா என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்துவிடலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். அக்கா கூடாது என்கிறாள், பார்த்துப் படிக்காமல் சொல்ல வேண்டுமாம். நடுவில் எனக்கு வாய் அடைத்துப்போனால் யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், கை தட்டிச் சமாளிக்கவும் வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் சொல்லி முடிக்கிறேன். சால்வையை நிறுத்திவிடுங்கள். மலரில் போடுவதாக இருந்தால் இது முழுவதையும் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்.

கூட்டம் ஏற்பாடு செய்கிறவர்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அக்காவுக்கு அரைமணிக்கு ஒருதரம் போக வேண்டும், அடக்க முடியாது. அந்த மண்டபத்தில் பெண்கள் கக்கூஸை எப்போதும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள், கேட்டால் வாட்ச்மேன் வெளியே போயிருக்கிறான் என்பார்கள். முதல் நாளே போய்ச் சாவியை வாங்கி, தண்ணீர் வருகிறதா என்று நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள்.